சாப்பாட்டு மேசையில் ஸ்பானிஷ்: வாசகர் கேள்வி–பதில்

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஸ்பானிஷ் படிப்பதைப் பற்றி இந்த மாதம் சென்னையின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டிருந்ததால், எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டுமே இட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். ஸ்பெயினில் சாலமான்கா நகரில் மூன்று மாதம் தங்கி ஸ்பானிஷ் படிக்க விரும்புகிறாள். தங்குவதற்கு ஒரு குடும்பத்தைப் பயிற்சிப் பள்ளியே ஏற்பாடு செய்து தருமாம். முன்பின் தெரியாதவர் வீட்டில் பெண்ணை எப்படி விடுவது என்று என் கணவர் தயங்குகிறார். அந்தக் குடும்பங்கள் எப்படிப்பட்டவை?
— மயிலாப்பூர் வாசகி

பதில்: குடும்பம் என்றதும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடத்தில் ஒரு பாட்டி என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உங்கள் மகளுக்குக் கதவைத் திறக்கப்போகிறவர், பிள்ளைகள் வேலைக்காக மாட்ரிட்டுக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் காலியாகக் கிடக்கும் அறைகளை மாணவர்களுக்கு விடுகிற, ஐம்பது அறுபது வயதுப் பெண்மணியாக இருக்கக்கூடும். பள்ளியில் படிக்கும் ஒரு மகனைத் தனியாக வளர்க்கிற தாயாகவும் இருக்கலாம். மாணவரைத் தங்கவைப்பதற்காகப் பயிற்சிப் பள்ளி அவருக்குப் பணம் தருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாணவர்களைத் தங்கவைப்பவர்களும் உண்டு. அன்புக்காகச் செய்யவில்லை, பணத்துக்காகத்தான் செய்கிறார்களா என்று இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் உங்கள் கணவருக்கு ஆறுதல் தர வேண்டியதே இந்த ஏற்பாடுதான். நிலையான வருமானம் என்பதால் அந்த வீட்டார் பள்ளியின் பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நீங்கிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார்கள். மாணவர் ஒரு குறை சொன்னால் பள்ளியும் விசாரிக்கும், தேவைப்பட்டால் வேறு வீட்டுக்கு மாற்றும்.

பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தனி அறையா, அறைக்குப் பூட்டு உண்டா, புகைபிடிப்பவர் உண்டா, நாயோ பூனையோ இருக்கிறதா, பள்ளிக்கு நடந்து போக எவ்வளவு நேரமாகும், எத்தனை வேளை உணவு, துணி துவைப்பது கட்டணத்தில் சேர்ந்ததா என்பவை அவற்றுள் அடங்கும். இன்னொரு மாணவியும் அதே வீட்டில் தங்குவதாக இருந்தால் அவள் எந்த மொழி பேசுகிறவள் என்பதையும் கேளுங்கள். இருவருக்கும் பொதுவாக ஆங்கிலம் இருந்துவிட்டால் மாலைப் பொழுது முழுவதும் ஆங்கிலத்திலேயே கழிந்துவிடும். பிறகு ஸ்பானிஷ் குடும்பம் எதற்கு?

சாலமான்காவைத் தேர்ந்தெடுத்திருப்பது நல்லதே. 1218-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அந்தப் பல்கலைக்கழகம் 1929 முதல் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் வகுப்புகளை நடத்திவருகிறது. ஆகவே மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்வது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. எல்லா இடத்துக்கும் நடந்தே போய்விடலாம். ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதற்கே இரவு பத்து மணி நெருங்கிவிடும்; அதற்குப் பிறகும் பிளாசா மயோர் என்னும் பெரிய சதுக்கத்தில் குழந்தைகளோடும் பாட்டிமாரோடும் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாட்ரிட், பார்சிலோனா மெட்ரோ ரயில்களில் கைபேசியும் பணப்பையும் பறிபோவது உண்டு என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். அவசர உதவிக்கு எண் 112.

வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறை ஒன்றிரண்டு நமக்குத் தலைகீழாக இருக்கும். நாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். அங்கே வெறுங்காலோடு நடந்தால் சளி பிடிக்கும் என்று அந்த அம்மாள் கடிந்துகொள்வார். வீட்டுக்கென்றே ஒரு ஜோடித் துணிச்செருப்பு வேண்டும். வெந்நீர்த் தொட்டி சிறியது. ஒருவர் நீண்ட நேரம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். குளிர்காலத்தில் ஹீட்டரைக் குறிப்பிட்ட நேரம்தான் போடுவார்கள், ஏனென்றால் மின்கட்டணமும் எரிவாயுச் செலவும் அங்கே பெரிய கவலை. இரவு உணவுக்கு வர முடியாவிட்டால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றைக் கஞ்சத்தனம் என்று உங்கள் மகள் எண்ணாமல் இருந்தால் போதும்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவர்கள். விண்ணப்பத்தில் "வெஜிடேரியன்" என்று குறித்துவிட்டோம். அது போதுமா?
— நங்கநல்லூர் வாசகர்

பதில்: போதாது. ஸ்பெயினில் 'கார்னே', அதாவது இறைச்சி, என்றால் பலருக்கு மனத்தில் தோன்றுவது மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியுமே. "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொன்ன பெண்ணுக்குச் சூரை மீன் தூவிய காய்கறிக் கலவையை வைத்துவிட்டு, சரியாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். இதற்குப் பின்னால் நீண்ட வழக்கம் ஒன்று இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சியை விலக்கி மீனைச் சாப்பிடுவார்கள். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்துச் செய்யும் நோன்புக் குழம்பில்கூட உப்பிட்ட காட் மீன் மிதக்கும். மீன் இறைச்சிக் கணக்கில் வராது என்பது அவர்கள் பாட்டி காலத்து எண்ணம். ஹமோன் என்னும் பதப்படுத்திய பன்றித் தொடையோ இன்னும் ஒரு படி மேலே. அதை அவர்கள் சுவைக்காகத் தூவும் பொருளாகவே நினைக்கிறார்கள், நாம் கொத்தமல்லித் தழையை நினைப்பதைப் போல.

ஆகவே ஒரு சொல்லை நம்பாமல் பட்டியலாகச் சொல்ல வேண்டும்: "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி உவெவோ." இறைச்சி, கோழி, மீன், ஹமோன், முட்டை எதையும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். இத்தோடு 'கால்தோ' எனப்படும், இறைச்சியோ எலும்போ வேகவைத்த சாறும் கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்புக் குழம்பு என்று மகிழ்ந்து உட்காருவீர்கள். சட்டியில் சோரிசோ என்னும் மிளகாய்த்தூள் சேர்த்த பன்றித் தொத்திறைச்சி வெந்திருக்கும். அந்த அம்மாள் உங்கள் தட்டில் மட்டும் துண்டுகளைக் கரண்டியால் பொறுக்கி எடுத்துவிட்டு, "இப்போது ஒன்றும் இல்லை, சாப்பிடு" என்பார். குழம்பின் மேலே சிவந்த எண்ணெய் மினுமினுத்துக்கொண்டிருக்கும். அவர் ஏமாற்றவில்லை, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று உண்மையாகவே நம்புகிறார். நாள் கடந்து கண்டுபிடித்து இரு தரப்பும் வருந்துவதைவிட, முதல் நாளே சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது.

முட்டையை விலக்கினால் சிரமம் இரட்டிப்பாகும் என்பதை மறைக்கப்போவதில்லை. இறைச்சி இல்லாத இரவு உணவுக்கு அவர்கள் முதலில் நினைப்பதே உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தோர்தீயாதான். இருந்தாலும் சாப்பிட எதுவும் இல்லை என்ற நிலை இல்லை. தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, கஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த தக்காளிச் சாறு, கத்தரிக்காயும் சுரைக்காய் இனக் காயும் வதக்கிய பிஸ்தோ, செவில் பக்கத்துக் கீரையும் கொண்டைக்கடலையும், பொரித்த உருளைக்கிழங்கு, பால் சோறாகிய அர்ரோஸ் கோன் லெச்சே ஆகியவை உண்டு. கடைகளில் சர்க்கரை சேர்க்காத வெறும் தயிர் சிறு கிண்ணங்களில் கிடைக்கிறது. தயிர்ச் சாதத்துக்குத் தடையில்லை. பாலாடைக்கட்டியில் கவனம் தேவை, ஏனெனில் மரபு முறையில் செய்யும் மான்சேகோ போன்றவற்றில் பாலைத் திரிக்கக் கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது. கிறிஸ்துமஸ் கால இனிப்புகளான போல்வோரோன், மான்தெகாதோ ஆகியவற்றில் பன்றிக் கொழுப்பு வழக்கமாகவே சேரும்.

நீங்களே சமைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், பெரும்பாலான வீடுகளில் அடுப்பங்கரை மாணவர்களுக்குத் திறந்திருக்காது. குளிர்பெட்டியில் ஒரு தட்டு ஒதுக்குவார்கள். மிளகாய் தாளித்த நெடி மூடிய சன்னல்களுக்குள் மறுநாள்வரை நிற்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நலம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாருக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் செய்து போடுங்கள். சைவம் என்றால் என்ன என்பது அதற்குப் பிறகு நன்றாகவே விளங்கிவிடும்.

கேள்வி: நான் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நான்கு வாரம் விடுப்புக் கிடைக்கும். ஒன்றும் தெரியாமல் போனால் பேசுகிற அளவுக்கு வந்துவிடுவேனா? சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: வாரத்துக்கு இருபது வகுப்பு என்பது பல பள்ளிகளின் வழக்கம். நான்கு வாரத்தில் எண்பது வகுப்பு ஆகும். மொழித்திறனை ஏ1 என்னும் தொடக்கநிலையிலிருந்து ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக ஐரோப்பாவில் அளக்கிறார்கள். அந்த எண்பது வகுப்பில் ஏ1 நிலையைக் கடந்து ஏ2-வின் வாசலில் நிற்கலாம். கடையில் வாங்கவும் வழி கேட்கவும் அது போதும். வேலைக்காக வாடிக்கையாளரோடு பேசப் போதாது. அதற்குப் பி2 வரை போக வேண்டியிருக்கும்.

ஒன்றும் தெரியாமல் போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை. எழுத்தும் எண்ணும் தெரியாத ஒருவர் முதல் இரண்டு வாரமும் சாப்பாட்டு மேசையில் புன்னகை செய்துகொண்டே இருந்துவிட்டு, காது பழகத் தொடங்கும்போது பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். குடும்பத்தோடு தங்குவதற்கென்று கொடுக்கும் பணம் அத்தனையும் அந்த இரண்டு வாரத்தில் வீணாகிறது. ஏ1 நிலையைச் சென்னையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் இருப்பதைப் போல ஸ்பெயின் அரசின் நிறுவனம் சென்னையில் இல்லை. 1991-இல் தொடங்கப்பட்ட இன்ஸ்தித்தூதோ செர்வாந்தெஸ் நமக்குத் தில்லியில்தான் இருக்கிறது. தனி ஆசிரியர்களும் இணைய வகுப்புகளும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன.

சான்றிதழைப் பொறுத்தவரை, பள்ளி தருவது வருகைச் சான்று. மதிப்புடையவை இரண்டு. ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் சார்பில் செர்வாந்தெஸ் வழங்கும் டெலே என்னும் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஏ1 முதல் சி2 வரை நிலைக்கொரு தேர்வு உண்டு, தோற்றால் அந்த நிலை இல்லை. சியேலே என்பது கணினி வழித் தேர்வு. தேர்ச்சி, தோல்வி என்பது இல்லாமல் உங்கள் நிலை இது என்று சொல்லும், ஐந்தாண்டு செல்லும். அவசரத்துக்குச் சியேலே, நிலைத்து நிற்க டெலே.

கேள்வி: என் மகன் தற்போது ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறான். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் அவனோடு அதிகம் பேசுவதில்லை என்று குறைப்படுகிறான். வேறு வீடு கேட்கலாமா?
— பெரம்பூர் வாசகி

பதில்: கேட்கலாம், ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் அவனோடு தினமும் எத்தனை மணிக்குப் பேசுகிறீர்கள்?

ஸ்பெயினில் மதிய உணவுதான் நாளின் பெரிய சாப்பாடு; இரண்டரை மணி வாக்கில் உட்காருவார்கள். பல வீடுகளில் தொலைக்காட்சியில் மூன்று மணிச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் தட்டுகள் போகும், பழமும் காபியும் வரும், ஆனால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இதைச் சோப்ரெமேசா என்கிறார்கள். உறவினர் சண்டை, பக்கத்து வீட்டுச் செய்தி, அரசியல், கால்பந்து எல்லாம் இந்த நேரத்தில்தான் வெளிவரும். ஞாயிற்றுக்கிழமையில் மணிக்கணக்கில் நீளும். நம் வழக்கம் வேறு. சாப்பிட்டதும் எழுந்து கைகழுவிவிடுவோம், பந்தியில் உட்கார்ந்தே இருந்தால் அடுத்தவருக்கு இடையூறு என்று வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்த வீட்டார் பார்வையில் அது, பேச்சு தொடங்கும் நேரத்தில் எழுந்து போவது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பிற்பகல் மூன்றரை என்றால் இங்கே கோடையில் இரவு ஏழு மணி, குளிர்காலத்தில் எட்டு மணி. அப்பா அலுவலகத்திலிருந்து வந்து, பாட்டி சீரியலுக்கு முன் ஓய்வாக இருந்து, சென்னையில் எல்லாரும் கூடி வீடியோ அழைப்புப் போடும் நேரம் அதுவே. மேசையில் காபி வரும்போது பையனின் கைபேசி அடிக்கிறது. நான் தங்கியிருந்த வீட்டில் என் கைபேசி மேசைமேல் அதிர்ந்தால் போதும், அந்த அம்மாள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, "அம்மாவா? போ, போ" என்று கையால் சைகை காட்டுவார். அன்பாகத்தான் சொன்னார், அன்றைய கதை அத்தோடு முடிந்துவிடும். ஆகவே உங்கள் அழைப்பை நம் நேரம் இரவு ஒன்பதரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே மாலை ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும், பிள்ளைக்கும் ஓய்வான பொழுது.

மகனுக்குச் சொல்ல வேண்டியவை இவை. மேசையில் தட்டும் முள்கரண்டியும் எடுத்து வைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "உங்கள் பூர்விக ஊர் எது?" என்று கேட்கட்டும். நகரத்தில் இருக்கும் ஸ்பானியர் பலருக்குக் கோடைக்குப் போய்வரும் கிராமம் ஒன்று இருக்கும்; அதைக் கேட்டால் நிறுத்துவதுதான் கடினம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவது அங்கே அவமரியாதை அன்று, ஈடுபாடு. அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அவன் முறை வரவே வராது. பிழையைத் திருத்துவது விருந்தினரைப் புண்படுத்தும் என்று வீட்டார் தயங்குவார்கள். திருத்தும்படி அவனே கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தட்டை வைத்துவிட்டு வீட்டார் வேறு அறைக்குப் போகிறார்கள் என்றால், அல்லது அவனோடு ஆங்கிலம் பழகுவதற்கே அவர்கள் மாணவரை எடுத்திருக்கிறார்கள் என்றால், தயங்காமல் முதல் வாரத்திலேயே பள்ளியிடம் சொல்லி மாறிக்கொள்ளட்டும்.

கேள்வி: தமிழ் தாய்மொழியாக இருப்பது ஸ்பானிஷ் கற்க உதவுமா? ஆங்கிலம் வழியாகத்தான் கற்க வேண்டுமா?
— வியாசர்பாடி கல்லூரி மாணவர்

பதில்: பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கலாம், காதும் நாவும் தமிழாகவே இருக்கட்டும். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான். எழுதியபடி வாசிக்கலாம். அவர்களுடைய த ஒலி பல்லைத் தொடுகிற நம் த-வே. 'டாக்டர்' என்பதில் வரும் ட அன்று. சொல்லின் முதலில் வல்லினமாக ஒலிக்கும் எழுத்து, இரண்டு உயிருக்கு நடுவில் மென்மையாகக் குழைவது நம் வழக்கம்: 'தாய்' என்பதில் வரும் த-வும் 'அது' என்பதில் வரும் த-வும் ஒன்றல்ல. ஸ்பானிஷிலும் த, ப, க ஆகியவற்றின் மெலிந்த ஒலிகள் உயிர்களுக்கு நடுவே அப்படியே குழைகின்றன. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழகும் இது நமக்கு இயல்பாக வரும். ஞகரம் அவர்களிடம் தனி எழுத்தாகவே இருக்கிறது. ரகரத்துக்கும் உருட்டி ஒலிக்கும் இரட்டை ரகரத்துக்கும் வேறுபாடு உண்டு. சென்னைப் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகிவிட்டதால் நாம் சற்று முயல வேண்டும், குமரி மாவட்டத்து நண்பர் இருந்தால் அவரிடம் கேட்டுப் பழகுங்கள்.

இலக்கணத்திலும் கை கொடுக்கிறது. 'வந்தேன்' என்றால் 'நான்' வேண்டாம். அவர்களுக்கும் வினையின் ஈறே யார் என்று காட்டிவிடும். "மெ குஸ்தா எல் கஃபே" என்பதை ஆங்கிலம் வழியாக விளக்க ஆசிரியர்கள் படும் பாடு சொல்லி முடியாது. "எனக்குக் காபி பிடிக்கும்" என்ற அமைப்பு அப்படியே அது. சிரமப்படப்போவது வேறு இடங்களில். நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்றவற்றுக்கும் பால் உண்டு. 'இருக்கிறது' என்பதற்கு அவர்களிடம் இரண்டு வினைகள். ஐயம், விருப்பம், ஆசை ஆகியவற்றுக்கென்று தனி வினை வடிவம் ஒன்று இருக்கிறது. அதை இலக்கண நூலில் படிப்பதைவிட, "பார்த்துப் போ, நல்லா தூங்கு" என்று தினமும் அந்த வீட்டு அம்மாள் சொல்வதைக் கேட்டே பிடித்துக்கொள்ளலாம்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடும் நமக்குப் புதிதன்று. ஆனால் பயன்படுத்தும் இடம் வேறு. ஸ்பெயினில் அறுபது வயது அம்மாளும் தம்மை 'தூ', அதாவது நீ, என்று கூப்பிடச் சொல்வார். நம் பிள்ளைகளுக்கு வாய் வராது. கொலம்பியாவின் போகோத்தாவிலோ நண்பர்களுக்குள்ளும் 'உஸ்தெத்', அதாவது நீங்கள், வழங்குகிறது. வீட்டார் எப்படி அழைக்கச் சொல்கிறார்களோ அப்படியே அழையுங்கள்.

கேள்வி: ஸ்பெயினா, லத்தீன் அமெரிக்காவா? குவாத்தமாலாவில் செலவு மிகக் குறைவு என்கிறார்களே?
— தாம்பரம் வாசகர்

பதில்: வகுப்பும் தங்குமிடமும் குறைவுதான். ஆந்திகுவா என்னும் பழைய தலைநகரில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்ற முறையில் தினமும் நான்கைந்து மணி நேரம் சொல்லித்தருகிறார்கள். அந்தத் தனி வகுப்பு ஸ்பெயினில் நம்மால் எட்ட முடியாத விலை. 1773 நிலநடுக்கத்தில் இடிந்து, தலைநகரம் வேறிடம் போன பின்னும் தப்பி நிற்கும் ஊர் அது. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் கூட்டம் அதிகம் என்பதால், ஸ்பானிஷ் தவிர வேறெதுவும் காதில் விழக் கூடாது என்பவர்கள் மலைமேல் இருக்கும் கெட்சால்தெனாங்கோவுக்குப் போகிறார்கள். சோளத் தோர்தீயா (ஸ்பெயினின் முட்டைத் தோர்தீயா அன்று, சோள மாவு ரொட்டி), கறுப்பு பீன்ஸ், வாழைக்காய் என்று சாப்பாடு சைவருக்குச் சற்று இணக்கமானது; பீன்ஸைத் தாளிக்கப் பன்றிக் கொழுப்புச் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்க வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து விமானச் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஆறு வாரத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர் அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உச்சரிப்பில் வேறுபாடு இருக்கிறது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ஒலிக்கும் எழுத்தை லத்தீன் அமெரிக்கர் ஸகரமாகவே ஒலிப்பார்கள். இதில் உயர்வு தாழ்வு பார்ப்பது வீண். எங்கே கற்றாலும் எங்கேயும் புரியும். ஸ்பெயினுக்குள் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பார்சிலோனாவில் உங்களைத் தங்கவைக்கும் குடும்பம் தமக்குள் கத்தலான் பேசக்கூடும். வலென்சியா, கலீசியா, பாஸ்க் நாடு ஆகியவற்றுக்கும் சொந்த மொழிகள் உண்டு. அந்த ஊர்கள் அழகானவை. தொடக்கநிலை மாணவருக்கு உகந்தவை அல்ல. செவிலில் சொல்லின் இறுதி ஸகரத்தை விழுங்கிவிடுவார்கள், ஜூலையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். சென்னைக்காரர் வெயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லைதான்.

கேள்வி: விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— அம்பத்தூர் வாசகர்

பதில்: ஸ்பெயினில் 90 நாளுக்குள் படித்துத் திரும்புவதானால் ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா போதும். பன்னிரண்டு வாரப் படிப்பு 84 நாள். வார இறுதிகளையும் விமான நாள்களையும் பார்த்துத் திட்டமிட்டால் உள்ளே அடங்கிவிடும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான காப்பீடு, பள்ளியின் சேர்க்கைக் கடிதம், குடும்பத்தில் தங்குவதற்கான பள்ளியின் உறுதிக் கடிதம், வங்கிக் கணக்கு, திரும்பும் பயணச்சீட்டுக்கான பதிவு ஆகியவை வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்; கடைசிப் பதினைந்து நாள்வரை காத்திருக்கக் கூடாது.

90 நாளைத் தாண்டினால் நீண்டகால மாணவர் விசா. மாதச் செலவுக்கு ஐப்ரெம் என்னும் அரசுக் குறியீட்டுத் தொகையைக் காட்ட வேண்டும். அது 2023 முதல் மாதம் 600 யூரோவாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் காவல்துறைச் சான்றும் மருத்துவச் சான்றும் சேரும். காவல்துறைச் சான்றுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்பதற்கான சான்று) ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும் வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கு செர்வாந்தெஸ் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். மொழிப் படிப்புக்கான விதிகள் 2025 மே மாதத்தில் மாறியிருப்பதால், பழைய மாணவர்களின் அனுபவத்தை அப்படியே நம்பாமல் தூதரகத்தின் அறிவிப்பைப் படியுங்கள்.

கேள்வி: என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. சிக்கல் வருமா?
— கே.கே. நகர் வாசகி

பதில்: விசாவுக்குச் சிக்கல் இல்லை. ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர் உண்டு, வழக்கமாக முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் அதை மாற்றுவதில்லை. ஆகவே இரண்டாவது கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இந்தியாவில் ஒன்றுதான் என்றால் விட்டுவிடுவார்கள். பள்ளி அனுப்பும் பட்டியலைப் பார்த்து வீட்டார் உங்களைச் சுப்பிரமணியன் என்று கூப்பிடாமலிருக்க, எப்படி அழைக்க வேண்டும் என்பதை விண்ணப்பத்தின் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 63, ஓய்வு பெற்றவன். இந்த வயதில் இன்னொருவர் வீட்டில் தங்கிப் படிப்பது பொருந்துமா?
— அடையாறு வாசகர்

பதில்: பொருந்தும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்றே தனி வகுப்பு நடத்தும் பள்ளிகள் உள்ளன. காலையில் இலக்கணம், மாலையில் அருங்காட்சியகமும் சமையலும் என்று இருக்கும். பெரும்பாலும் உங்கள் வயதை ஒத்தவர்களே வீட்டுக்காரர்களாக இருப்பதால் பேச்சுக்குப் பஞ்சமிராது. இருபது வயது மாணவரைவிட உங்களுக்குத்தான் மேசையில் அதிக நேரம் கிடைக்கும். மதிய உணவு இரண்டரைக்கும் இரவு உணவு ஒன்பதரைக்கும் என்பதால், நீரிழிவு இருந்தால் பதினொரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஏதாவது சாப்பிட வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள். மாலைச் சிற்றுண்டி அங்கேயும் வழக்கத்தில் உள்ளதுதான். பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இராது. தரைத்தளம் அல்லது மின்தூக்கி உள்ள வீடு வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். வழக்கமான மாத்திரைகளைத் தங்கும் காலம் முழுமைக்கும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டால், தீர்ந்துபோனாலும் அங்குள்ள மருத்துவரிடம் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.